சொட்டு போகும் தூரம்

தை பிறந்து சம்பா அறுவடை களைகட்டியதும் லால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கம் காற்று முழுக்க நெல் சுணையாக இருக்கும். அறுவடை எந்திரத்துக்குப் பின்னால் நிற்பவர், களத்தில் தூற்றுகிறவர், அரிசி ஆலையில் உமி அள்ளுகிறவர் என்று யார் கண்ணிலும் ஒரு துணுக்கு விழலாம். பெரும்பாலும் கண்ணீரே அதைக் கழுவிவிடும். சில நேரம் அதன் முனை கருவிழியைக் கீறிவிடும். கீறல் மயிரிழை அளவுதான். துண்டு நுனியை வாயில் ஊதிச் சூடாக்கி ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். இரண்டு நாள் உறுத்தலும் சிவப்பும் அடங்கவில்லை என்றால் மருந்துக் கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்குவார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு சட்டென்று குறையும். நல்ல மருந்துதான் என்று தோன்றும். உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சைக்கோ அதைவிட நல்ல காலம் கிடையாது, தன்னை எதிர்க்க வேண்டிய உடலின் படையை அந்த மருந்தே கட்டிப்போட்டிருக்கிறது. ஒரு வாரம் பத்து நாளில் கருவிழியில் சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு புள்ளி எழும், ஓரமெல்லாம் பிசிறுபிசிறாக. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று வீட்டில் சொல்ல ஆரம்பிக்கும்போது பார்வையில் பாதி போயிருக்கும்.

இந்தப் புண்ணை உண்டாக்குவதில் முதலிடம் ஃபியூசேரியம் என்ற பூஞ்சைக்கு. மண்ணிலும் செடியிலும் வாழ்வது. திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் உடனே முகம் சுளிப்பார்கள், வாழைத் தோட்டங்களை அழிக்கும் வாடல் நோய்க்குக் காரணமும் இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு பூஞ்சைதான். அடுத்த இடம் ஆஸ்பர்ஜில்லஸுக்கு. இரண்டுமே மனிதக் கண்ணைத் தேடி வருபவை அல்ல. நெல்லோடும் கரும்புத் தோகையோடும் தற்செயலாக வந்து சேர்கின்றன. வந்த இடத்தில் வெப்பமும் ஈரமும் இருப்பதால் தங்கிவிடுகின்றன.

அறுவடை செய்யும் ஊர்களுக்கு நடுவே இருப்பதால் திருச்சிக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். 1934-இல் ஜோசப் ஞானாதிக்கம் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனை, பூஞ்சைக் கண்நோய் ஆய்வில் உலகம் அறிந்த முகவரி. அங்கே பணியாற்றிய பி.ஏ.தாமஸ் 2003-இல் கண்ணைத் தாக்கும் பூஞ்சைகள் பற்றி எழுதிய நீண்ட தொகுப்புக் கட்டுரையை, இத்துறையில் நுழைகிற எந்த நாட்டு மாணவரும் படிக்காமல் தாண்ட முடியாது. மேலைநாட்டுப் பாடநூல்களில் பூஞ்சைப் புண்ணுக்குச் சில பக்கங்கள் கிடைத்தால் அதிகம். அங்கே அது அரிது. மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்குப்படி கருவிழிப் புண் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 11 பேருக்கு வந்தது, அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைப் போலப் பத்து மடங்கு. 1994-இல் மதுரையில் மூன்று மாதத்தில் வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்தபோது, கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதியில் பூஞ்சை இருந்தது. பாக்டீரியாவுக்குச் சரிக்குச் சமம்.

பூஞ்சையைக் கொல்லும் மருந்து இல்லாமல் இல்லை. கண்ணுக்கு வெளியே, ஆய்வகத் தட்டில், அது அழகாகச் செத்துப்போகிறது. கருவிழிக்குள் இருக்கும்போதுதான் சிக்கல். மருந்தை எப்படி உள்ளே கொண்டுபோவது, போன மருந்தை எப்படி அங்கேயே நிற்க வைப்பது என்ற இரண்டு கேள்விகளில் முதலாவதையே நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். இரண்டாவதுதான் கடினமானது என்பது என் கட்சி. மருந்துக்கு மட்டுமல்ல, இப்போது மருந்தின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் உயிருள்ள செல்களுக்கும் அதுவே பொருந்தும்.

ஒரு சொட்டின் கணக்கைப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து விழும் சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். இமைக்குள் எப்போதும் இருக்கும் கண்ணீரோ 7 மைக்ரோலிட்டர்தான். கண் தாங்கும் அளவு அதிகம் போனால் 30. மிச்சம் கன்னத்தில் வழிந்துவிடும். தங்கியதையும் கண் சும்மா விடுவதில்லை. இமை கொட்டக் கொட்ட அது மூக்கோரத்தில் இருக்கும் சிறு துளை வழியாக இறங்கி, மூக்கின் உட்புறம் போய், தொண்டைக்கு வருகிறது. சொட்டு மருந்து போட்டுக்கொண்ட கொஞ்ச நேரத்தில் நாக்கில் கசப்பு தட்டுவது இதனால்தான். சில நிமிடத்தில் கண்ணில் இருந்தது பெரும்பாலும் போய்விடும். போட்டதில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடக் கண்ணுக்குள் போய்ச் சேர்வதில்லை.

போகாத மிச்சம் வீணாகிறது என்றால்கூடப் பரவாயில்லை. கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மூக்கின் சவ்வு வழியே ரத்தத்தில் கலந்து இதயத்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சை இறுக்கும். வாயால் விழுங்கும் மாத்திரையைக் கல்லீரல் ஒருமுறை வடிகட்டி அனுப்புகிறது. மூக்கு வழியாகப் போவதற்கு அந்தச் சுங்கச்சாவடியும் இல்லை. சொட்டு விட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அமுக்கிக்கொள்ளச் சொல்லும் செவிலியர் பெரிய மருந்தியல் வேலை செய்கிறார். நம்மில் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சரி, வழிந்ததும் வடிந்ததும் போக மிஞ்சியது கருவிழியின் மேல் நிற்கிறது. கருவிழியின் தடிமன் அரை மில்லிமீட்டரை ஒட்டி. அந்த அரை மில்லிமீட்டருக்குள் ஒன்றுக்கொன்று எதிரான குணமுள்ள அடுக்குகள். மேலே ஐந்தாறு வரிசை செல்கள் நெருக்கமாகப் பின்னிய தோல், எண்ணெயில் கரைவதை உள்ளே விடும், நீரில் கரைவதைத் தடுக்கும். அதன் கீழே, தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு, கொலாஜன் இழைகள் ஒழுங்காக அடுக்கிய நீர்ப்பசையான பகுதி. இது நேர் எதிர், எண்ணெய்க் குணமுள்ளதை இழுத்தடிக்கும். இரண்டையும் கடக்க வேண்டிய மருந்துக்கு இரண்டு குணமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்க வேண்டும், உருவமும் சிறியதாக இருக்க வேண்டும்.

இப்போது இரண்டு மருந்துகள். நேட்டாமைசின் பழையது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1950-களில் எடுத்தார்கள். பாலாடைக்கட்டியின் மேல் பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தடவுவதும் இதையேதான். பெரிய மூலக்கூறு, நீரில் சரியாகக் கரையாது. அதனால் கண் மருந்தாக வரும்போது பால் கலங்கல் மாதிரி இருக்கும், குலுக்கித்தான் போட வேண்டும். கருவிழிக்குள் ஊடுருவுவதில் மகா மந்தம். வோரிகொனசோல் புதியது. எடையில் நேட்டாமைசினில் ஏறக்குறைய பாதி, கருவிழியைத் தாண்டிக் கண்ணுக்குள்ளேயே போய்விடும், ஆய்வகத்தில் பல பூஞ்சைகளுக்கு எமன். இரண்டையும் காகிதத்தில் பார்க்கும் எவரும் புதியதற்கே ஓட்டுப் போடுவார்கள். கண் மருத்துவர்களில் பலரும் அப்படித்தான் போட்டார்கள்.

அப்படி நம்பிக்கொண்டே இருக்காமல் பரிசோதித்துப் பார்த்ததுதான் தமிழ்நாட்டின் பெருமை. அரவிந்த் கண் மருத்துவமனையின் வெங்கடேஷ் பிரஜ்னாவும் சான்பிரான்சிஸ்கோவின் தாமஸ் லீட்மனும் அவர்கள் குழுவினரும் 2010, 2011 ஆண்டுகளில் 323 நோயாளிகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு நேட்டாமைசின், பாதிப் பேருக்கு வோரிகொனசோல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. வோரிகொனசோல் பக்கம் நிலைமை மோசமாகப் போனதால் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டிவந்தது. மூன்று மாத முடிவில், பார்வை அட்டையில் நேட்டாமைசின் பெற்றவர்கள் ஏறக்குறைய இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். ஃபியூசேரியம் பிடித்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் நான்கு வரி. கருவிழியில் ஓட்டை விழுவதும், அவசரமாக மாற்றுக் கருவிழி தைக்க வேண்டி வருவதும் பழைய மருந்தில் குறைவு.

ஊடுருவத் தெரியாத மருந்து ஜெயித்தது. இது 2013-இல் அச்சானபோது பலருக்கு நம்ப முடியவில்லை. சொட்டாகப் போட்டால் போதவில்லையோ, வோரிகொனசோலை நேரே புண்ணைச் சுற்றிக் கருவிழிக்குள்ளேயே ஊசியால் ஏற்றினால் என்ன என்று அடுத்த யோசனை. மெல்லிய ஊசி, மிகச் சிறிய அளவு, புண்ணைச் சுற்றி நாலைந்து இடத்தில். நுண்ணோக்கியின் கீழே ஊசி நுனியிலிருந்து வெண்மையாக நீர் பரவிப் புண்ணைச் சூழ்வதைப் பார்த்தால், இனி இது தப்பிக்க வழியில்லை என்றே யாருக்கும் தோன்றும். மதுரையில் 70 நோயாளிகளை வைத்து இதையும் சோதித்தார்கள். நேட்டாமைசின் சொட்டு மட்டும் பெற்றவர்களைவிட, சொட்டோடு ஊசியும் பெற்றவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை என்று 2019-இல் முடிவு வந்தது. கருவிழியில் ஓட்டை விழுவதும் ஊசியால் குறையவில்லை. இன்னொரு பெரிய ஆய்வில் வோரிகொனசோலை மாத்திரையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் மொத்தத்தில் கை கொடுக்கவில்லை.

ஏன் இப்படி? ஒரு பாதி பதில் பூஞ்சையிடம் இருக்கிறது. ஃபியூசேரியத்தை அடக்க வோரிகொனசோல் பொதுவாக அதிக அளவில் தேவை, நேட்டாமைசினுக்கு அது எளிதாக மடங்கும். மறு பாதி, இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது, தங்குவதில் இருக்கிறது. புண்ணின் மேல் கருவிழியின் தோல் ஏற்கெனவே அரித்துப்போய்விட்டது. அங்கே ஊடுருவும் திறமைக்கு வேலை குறைவு. கரையாத நேட்டாமைசின் துகள்கள் அந்தக் குழியில் வெள்ளையாகப் படிந்து அங்கேயே கிடக்கின்றன. சுலபமாக உள்ளே போகும் மருந்து அதே சுலபத்தில் வெளியேயும் போய்விடுகிறது. ஊசியில் ஏற்றியதும் கரைந்து போய்விடுவதால் திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். ஒவ்வொரு குத்தும், உருகிக்கொண்டிருக்கும் திசுவில் இன்னொரு காயம். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் நேட்டாமைசின் சொட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தத் தென்னிந்திய ஆய்வுகள்தான் முதுகெலும்பு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை அதைப் போட வேண்டியிருக்கிறது என்பது மட்டும் இன்னும் மாறவில்லை. தினக்கூலிக்குப் போகிறவர் வாரக்கணக்கில் மணிக்கொரு சொட்டு போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது மருத்துவமா ஆசையா என்று எனக்குச் சந்தேகம்.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால், கண்ணைப் பற்றிய பேச்சில் உறங்காவில்லி வராமல் இருக்க மாட்டார். உறையூர் மல்லர். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி, சுடுமணலில் அவள் நடக்கும்போது குடை பிடித்துக்கொண்டே போனவர். ராமானுஜர் அவரை அழைத்துப்போய் அரங்கனின் கண்ணைக் காட்டினார் என்பது வைணவ மரபு சொல்லும் கதை. பாதுகாப்புக் கண்ணாடி என்று ஒன்று அன்று விற்றிருந்தால் உறங்காவில்லிதான் முதல் ஆளாக வாங்கியிருப்பார், நம் களத்துமேட்டில் இன்றும் அதைப் பார்க்க முடிவதில்லை. கோயிலுக்கு இன்னொரு மருத்துவத் தொடர்பும் உண்டு. அங்கே ஓர் ஆரோக்கியசாலை இயங்கியது, படையெடுப்பில் அழிந்தது, அதைக் கருடவாகன பட்டர் புதுப்பித்து தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார் என்பதற்கு 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. தன்வந்திரி சன்னதி இப்போதும் உண்டு. ஆரோக்கியசாலையில் கண்ணுக்கு என்ன மருந்து போட்டார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் வெற்றிலை போடும் ஊரில் எந்த மருத்துவரிடமும் ஒரு விபத்து நிச்சயமாக வந்திருக்கும்: கண்ணில் சுண்ணாம்பு.

இன்றும் வருகிறது, குழந்தைகளுக்கு. தாத்தாவின் சுண்ணாம்பு இப்போது பிளாஸ்டிக் பாக்கெட்டில் வருகிறது. கையில் கிடைத்ததைப் பிசைந்து விளையாடும் பிள்ளை அதை அமுக்கினால் வெடித்து நேரே முகத்தில் பீய்ச்சும். மருந்துக்குக் கதவடைக்கும் அதே கருவிழி சுண்ணாம்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. செல்களின் சவ்வில் இருக்கும் கொழுப்பைக் காரம் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடுகிறது, பிறகு தடுக்க எதுவும் இல்லை. சுண்ணாம்பின் இன்னொரு கொடுமை அது துகளாக இமைக்கு அடியில் ஒளிந்துகொள்வது. மேலே கழுவியாகிவிட்டது என்று நினைத்திருக்கும்போது அடியிலிருந்து மணிக்கணக்கில் காரம் கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே போவது, தங்குவது, மெல்ல மெல்ல வெளிவிடுவது என்று மருந்து வல்லுநர்கள் கனவு காணும் மூன்று வித்தையும் சுண்ணாம்புக்குக் கைவந்திருக்கிறது. கண்ணில் விழுந்தால் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கிணற்று நீரோ குழாய் நீரோ, கையில் கிடைக்கும் சுத்தமான நீர். மேல் இமையைத் திருப்பிப் பார்த்துத் துகளை எடுப்பது மருத்துவரின் முதல் வேலை.

தாமதமானால் போவது கருவிழியின் தோல் மட்டுமல்ல. அந்தத் தோல் சில நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. புதிய செல்கள் பிறக்கும் இடம் கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பு. அங்கே மடிப்புகளுக்குள் ஸ்டெம் செல்கள் குடியிருக்கின்றன. சுண்ணாம்பு அவற்றைச் சுட்டுவிட்டால் கருவிழிக்குத் தோல் கொடுக்க ஆள் இல்லை. வெள்ளை விழியின் படலம் ரத்த நாளங்களோடு நடுவே ஏறி வந்து மூடிக்கொள்ளும். இறந்தவரின் கருவிழியை வாங்கி வைத்தாலும் நிற்காது, அதற்கும் தோல் தர வேண்டிய செல் இந்தக் கண்ணில் இல்லையே. சேர்க்க வேண்டியது இங்கே மருந்து அல்ல, உயிருள்ள செல்.

1989-இல் கென்யன், செங் என்ற இருவர் ஒரு வழி காட்டினார்கள்: நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து வெட்டியெடுத்துக் கெட்ட கண்ணில் தைப்பது. வேலை செய்தது. ஆனால் எடுக்க வேண்டிய துண்டு பெரியது. ஒரு கண் போன நோயாளியிடம், இருக்கும் ஒற்றைக் கண்ணில் கத்தி வைக்கிறோம் என்று சொல்வது எந்த மருத்துவருக்கும் எளிதல்ல. 1997-இல் இத்தாலியின் கிராசியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேலே தெ லூக்கா குழு, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்கை எடுத்து, ஆய்வகத்தில் தாளாக வளர்த்து, இரண்டு நோயாளிகளின் கண்ணில் பரப்பிக் காட்டியது. தீக்காயத்துக்குத் தோல் வளர்க்க ரைன்வால்டும் கிரீனும் 1975-இல் கண்ட முறையின் பேரப்பிள்ளை இது. அந்த இத்தாலிய முறைதான் 2015-இல் ஹோலோகிளார் என்ற பெயரில் ஐரோப்பாவின் அங்கீகாரம் பெற்ற முதல் ஸ்டெம் செல் மருந்தானது. ஹைதராபாத்தின் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையில் விரேந்தர் சங்வானும் துணைவரும் இதையே பனிக்குடச் சவ்வின் மேல் வளர்த்துச் செய்தார்கள். 200 நோயாளிகளின் பத்தாண்டு முடிவை 2011-இல் வெளியிட்டபோது வெற்றி 71 சதவீதம்.

பனிக்குடச் சவ்வு என்றால், பிரசவத்தில் நஞ்சுக்கொடியோடு வெளியே வந்து தூக்கிப் போடப்படும் மெல்லிய சவ்வு. கொடுத்த தாயின் ரத்தத்தைச் சோதித்து, பதப்படுத்திக் கண் வங்கிகள் வைத்திருக்கும். அழற்சியைத் தணிக்கும், செல் காலூன்ற இடம் கொடுக்கும், சில வாரத்தில் தானே கரைந்துவிடும்.

பத்துப் பதினான்கு நாள் ஆய்வகத்தில் வளர்ப்பதற்குத் தூய அறை வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அரசு அனுமதி வேண்டும், பணம் வேண்டும். அடுத்த ஆண்டே, 2012-இல், சங்வான், சயான் பாசு, ஷீலா மெக்நீல், து.பாலசுப்ரமணியன் ஆகியோர் வெளியிட்ட முறையில் ஆய்வகமே இல்லை. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் துண்டு ஒன்று. அதை மேசையிலேயே எட்டுப் பத்துத் துணுக்காக நறுக்குகிறார்கள். கெட்ட கண்ணில் ஏறியிருக்கும் படலத்தைச் செதுக்கி எடுத்து, பனிக்குடச் சவ்வை விரித்து, ரத்தப் புரதத்தால் ஆன ஃபைப்ரின் பசையால் ஒட்டி, அதன்மேல் துணுக்குகளைப் பார்வைப் பாதையை விட்டுத் தள்ளி வட்டமாக வைத்து, மறுபடியும் பசை. மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸ். டெல்டாக்காரருக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால், நாற்றங்கால் விட்டுப் பறித்து நடுவது ஆய்வக முறை, இது சேற்று வயலிலேயே நேரடி விதைப்பு. இரண்டு மூன்று வாரத்தில் துணுக்குகளிலிருந்து செல்கள் பரவிக் கருவிழியை மூடிவிடுகின்றன. எடுத்த இடம் ஆறிவிடுகிறது. பின்னர் 125 நோயாளிகளில் பார்த்த வெற்றி 76 சதவீதம், ஆய்வக முறைக்குச் சற்றும் குறையவில்லை. எளிய முறை என்று அதன் பெயரிலேயே சேர்த்து வைத்தார்கள்.

மருத்துவக் கண்டுபிடிப்பு என்றதும் நமக்கு எந்திரமும் கோடிக்கணக்கான முதலீடும் கண்முன் வருகின்றன. இது எடுத்துப்போட்ட ஒரு கண்டுபிடிப்பு: ஆய்வகத்தை எடுத்துப்போட்டது, காத்திருக்கும் இரண்டு வாரத்தை எடுத்துப்போட்டது. செல்லை வளர்க்கக் கண்ணைவிட நல்ல இடம் கண்ணுக்கு வெளியே இல்லை என்று துணிந்ததுதான் இதன் மூலதனம். உலகின் பல நாடுகளில் இப்போது செய்கிறார்கள். வழக்கமாக அங்கிருந்து இங்கே வரும், இது இங்கிருந்து அங்கே போனது. நம் பாடநூல்களில் இதற்கு ஒரு பத்தி கிடைக்கும் நாளை எதிர்பார்க்கிறேன்.

கருவிழியின் முன்புறத்துக்கு இப்படி வழி பிறந்தது. பின்புறம் வேறு கதை. அங்கே ஒற்றை வரிசையாக இருக்கும் செல்கள் நீரை இடைவிடாமல் வெளியே இறைத்துக் கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கின்றன. மனிதரில் இவை பெருகுவதில்லை, போனது போனதுதான். கண்புரை அறுவையில் அடிபட்டோ வேறு காரணத்தாலோ அளவுக்கு மேல் குறைந்துவிட்டால் கருவிழி நீர்கோத்து மங்கிவிடும். கியோட்டோவின் ஷிகேரு கினோஷிதா குழு, தானமாகக் கிடைத்த கருவிழியிலிருந்து இந்தச் செல்களை வளர்த்து, பத்து லட்சம் செல்களை 300 மைக்ரோலிட்டர் நீரில் கலந்து, கண்ணின் முன் அறைக்குள் ஊசியால் விட்டது. ஏற்றுவது ஒரு நிமிட வேலை. ஏற்றிய செல் மிதந்துகொண்டே இருந்தால் பயனில்லை, கருவிழியின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு உதவும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். பிறகு நோயாளியை மூன்று மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். கீழே பார்த்த கருவிழியில் செல்கள் தாமாகவே படிந்தன. இந்த நுட்பத்துக்குப் புவியீர்ப்பு செலவில்லாமல் உழைத்தது. 2018-இல் வெளியான முடிவில் 11 நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் கருவிழி தெளிந்திருந்தது. ஜப்பான் 2023-இல் இதை அங்கீகரித்தது. ஒரு தானக் கருவிழி ஒருவருக்கு மட்டும் என்ற கணக்கு இதனால் உடைகிறது, ஒன்றிலிருந்து வளர்த்த செல் பலருக்குப் போகும். கண் தானம் போதாத நம் நாட்டுக்கு இதைவிட வேண்டியது எதுவும் இல்லை.

செல்லை ஒட்ட வைக்காமல் கூண்டில் அடைத்தே கண்ணுக்குள் வைப்பதும் நடக்கிறது. 1980-இல் லிம், சன் என்ற இருவர், இன்சுலின் சுரக்கும் செல்களைக் கடற்பாசிப் பொருளால் ஆன நுண் உருண்டைகளில் அடைத்து எலிகளுக்குள் விட்டார்கள். உணவும் சுரப்பும் கூண்டின் துளை வழியே போய்வரும், உடலின் எதிர்ப்புப் படைக்கு அந்தத் துளை சிறியது. சர்க்கரை நோய்க்கு அது இன்னும் அன்றாட மருந்தாகவில்லை. ஆனால் 2025 மார்ச்சில் அமெரிக்கா அங்கீகரித்த என்செல்டோ என்ற சாதனம் அந்த வழியில் வந்ததே. அரிசி மணி அளவுக் குழாய், அதற்குள் மரபணு மாற்றிய மனித விழித்திரைச் செல்கள். விழித்திரை மையத்தைத் தேய்க்கும் ஓர் அரிய நோய்க்காக அவை ஒரு காப்புப் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். வேண்டாம் என்றால் வெளியே எடுத்துவிடலாம், கண்ணுக்குள் சிதறவிட்ட செல்லை அப்படித் திரும்ப எடுக்க முடியாது.

சுண்ணாம்பு இரண்டு கண்ணையும் சுட்டிருந்தால் நேரடி விதைப்புக்கு விதை இல்லை. உறவினரிடமிருந்தோ இறந்தவரிடமிருந்தோ எடுக்கலாம், ஆனால் உடல் அதை அன்னியமாகப் பார்க்கும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை நீண்ட காலம் விழுங்க வேண்டும். வாயின் உட்புறத் தோலை வளர்த்துக் கண்ணில் வைப்பதை ஜப்பானின் கோஜி நிஷிதா 2004-இலேயே காட்டினார். பார்க்க முடிகிறது, கருவிழியின் தெளிவு மட்டும் முழுதாக வருவதில்லை. அதே நிஷிதாவின் குழு 2024 நவம்பரில் இன்னொன்றை வெளியிட்டது. தானமாகக் கிடைத்த ரத்தத்தின் செல்களைப் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து கருவிழித் தோலை வளர்த்து, நான்கு பேருக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு பார்த்ததில் கட்டியோ பெரிய கெடுதலோ இல்லை. நால்வருக்கும் பார்வை கூடியது, ஒருவருக்கு அது பின்னர் சற்று இறங்கியது. அடுத்து அதிகம் பேரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அப்போதே திட்டமிட்டார்கள்.